இடர்சொல்லிக்கு ஒரு மதினி

இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்பிச் சட்டம் போட்ட மேதாவிகளுக்கு, அது தமிழ் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்?

நான் கோமதிநாயகம், இடர்மொழி வாரியத்தின் தூத்துக்குடிக் கிளையில் தணிக்கையாளன். வாரியம் என்ன செய்கிறது என்று என் மனைவிக்கே இன்றுவரை விளங்கவில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பங்கு, பத்திரம், நிதித்திட்டம் எல்லாவற்றையும் முகவர்கள் விற்றார்கள். லாபத்தை வாய் நிறையச் சொன்னார்கள். நஷ்டம் வரலாம் என்பதைக் கடைசிப் பக்கத்தில், எறும்புகூடப் படிக்க முடியாத எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டார்கள். ஊர் ஊராகக் குடும்பங்கள் கெட்டபிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. இனி முகவரே கூடாது. பணம் போடுகிறவரின் காதில் ஓர் இயந்திரம், அவருடைய மொழியில், அவருடைய வட்டாரப் பேச்சில், இடரை விளக்கிய பிறகுதான் கையெழுத்து என்று சட்டம் வந்தது. அந்த இயந்திரத்துக்கு இடர்சொல்லி என்று பெயர். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும்.

அதற்கு முதலில் கொடுத்த தமிழ், தலைமை அலுவலகத்தில் தயாரானது. 'நீர்மைத்தன்மை இடர்' என்று ஒரு சொற்றொடர். போட்ட பணத்தை நடுவில் எடுக்க முடியாது என்பதைத்தான் அவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தார்கள். உடன்குடிப் பக்கம் ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு, கடல்தண்ணி தோட்டத்துக்குள் வருமா என்று விசாரித்தார். அவர் மேல் தப்பே இல்லை.

அப்போதுதான் செலஸ்டின் கொறேரா எங்கள் கிளைக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தார். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருப் பெண்மணி. நாற்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் தொம்மையின் குடும்பம்தான் அவருக்கு எல்லாம். வந்த முதல் வாரமே தலைமை அலுவலகத்தின் சொற்பட்டியலைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்தார். "சார், இந்தச் சொல்லையெல்லாம் எந்த வீட்டுலயாவது பேசுதாவளா? வீட்டுல பேசுற பேச்சை அது கேக்கட்டும், தன்னால படிச்சிக்கிடும்" என்றார். ஊர்க்காரர்கள் சம்மதித்துக் கொடுத்த பேச்சை எல்லாம் இடர்சொல்லிக்கு ஊட்டினார். சந்தைச் சண்டை, வீட்டு விசேஷம், பஸ் ஸ்டாண்டு வம்பு, ஒன்றும் பாக்கியில்லை. இயந்திரம் கடகடவென்று நம் பேச்சைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில் தெற்குக் கரையில் புதிய ஏவுதளம் வந்திருந்தது. நிலம் கொடுத்தவர்கள் கையில் நட்ட ஈட்டுப் பணம் இருந்தது. கிழக்கலை என்ற விண்நிறுவனம் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் தனித்தனியாகப் பங்கு விற்றது. ராக்கெட் செயற்கைக்கோளை இறக்கிவிட்டால் நல்ல லாபம். கடலில் விழுந்தால் போட்டது மொத்தமும் போச்சு. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. இடர்சொல்லி அதை ஒருவர் விடாமல் சொல்லிவிட்டதாகத்தான் பதிவும் இருந்தது.

ஒரு ராக்கெட் விழுந்தது.

பலவேசம் என்று ஒரு பனங்காட்டுக்காரர், நிலத்துக்கு வந்த பணம் முழுவதையும் அதில் போட்டிருந்தார். நானும் செலஸ்டினும் விசாரிக்கப் போனோம். மனிதர் கோபமே படவில்லை.

"காதுல இருந்தது உங்ககிட்ட நஷ்டம் வரும்னு சொல்லிச்சா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சொல்லிச்சே. கையெழுத்துப் போட்ட பொறவு சொல்லிச்சு."

"முன்னாடி சொல்லலையா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நல்ல நேரத்துல எப்பிடி சார் அதைப் பேசும்? 'நேரம் தாண்டப் போவுது அண்ணாச்சி, மொதல்ல போட்டுருங்க, மத்ததைப் பொறவு பேசிக்கிடலாம்'னு சொல்லிச்சு. மரியாதை தெரிஞ்ச மிஷினு சார். அதைக் குத்தம் சொல்லாதீய."

நாங்கள் திரும்பி வந்தோம். அலுவலகத்தில் பழைய உரையாடல்களைப் போட்டுக் கேட்டோம். எல்லாம் அதே கதை. நம் ஜனம் பணத்தைத் தொடுவதே நல்ல நாள் பார்த்துத்தான். நல்ல நாளில் யாரும் கெட்டது பேசுவதில்லை. கல்யாண வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்றுகூட வாய்விட்டுச் சொல்லமாட்டோம். எங்களிடம் தமிழ் கற்ற இயந்திரம், எங்களுடைய நாகரிகத்தையும் கற்றுக்கொண்டது. பொய் சொல்லவில்லை, ஒத்திப்போட்டது. குமரியில் கற்றிருந்தாலும் கும்பகோணத்தில் கற்றிருந்தாலும் இதைத்தான் செய்திருக்கும்.

தலைமை அலுவலகம் உடனே ஒரு உத்தரவு போட்டது. இடரைச் சொல்லாமல் கையெழுத்துப் பக்கம் திறக்கவே கூடாது. சரி என்று அப்படியே செய்தோம். இடர்சொல்லி வானொலிச் செய்தி வாசிப்பது மாதிரி நஷ்டத்தை வாசித்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதைக் காதிலிருந்து கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, அது வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒரு தேங்காயைச் சுற்றி உடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பதிவில் எல்லாம் ஒழுங்கு. தலைமை அலுவலகத்துக்குப் பரம திருப்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாவது நாள் செலஸ்டின் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கேன். விசேஷ வீட்டுல கெட்ட பேச்சுப் பேசுறதுக்கு யாருக்கு உரிமை உண்டு?"

"யாருக்கும் கிடையாது."

"உண்டு. யோசிச்சுப் பாருங்க. 'ஏன் கொழுந்தனாரே, இந்தப் பந்தல் மழை வந்தா தாங்குமா, மாப்பிள்ளை தலையில விழுந்துறாம'ன்னு யாரு கேப்பா?"

நான் சிரித்துவிட்டேன். "அண்ணன் பொண்டாட்டி, மதினிதான் கேப்பா."

"மதினி கேட்டா யாராவது கோவப்படுவாவளா? சிரிப்பாவ. சிரிச்சிட்டுப் போய்ப் பந்தக்காலை ஆட்டிப் பாப்பாவ. அந்நிய ஆளு சொன்னாதான் சார் அது அபசகுனம். நாம வார்த்தையைத்தான் மாத்தி மாத்திப் பெயர்த்துக்கிட்டிருக்கோம். சொல்லுற ஆளையில்லா பெயர்க்கணும்."

இருபத்தைந்து வருடம் தணிக்கை வேலையில் குப்பை கொட்டியிருக்கிறேன். இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை. பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த அம்மாள் என் அலுவலகத்தில் இருப்பது பெருமையாக இருந்தது.

தலைமை அலுவலகம் ஒத்துக்கொண்டது. செயற்கையாக ஒரு குரலைச் செய்து போடுங்கள் என்றார்கள். செலஸ்டின் மறுத்தார். "இல்லாத ஆளுக்கு உரிமை எங்கேருந்து வரும்? நாளைக்கு மார்க்கெட்டுல நிறுத்தி வச்சு, ஏன் மதினி அப்பிடிச் சொன்னீயன்னு சண்டை போட ஒரு ஆளு வேணும். என் குரலையே போடுங்க" என்றார். குரலோடு தன்னுடைய கிண்டலையும் வாயாடித்தனத்தையும், சண்டை போடுகிற விதத்தையும், சண்டைக்குப் பிறகு தணிகிற விதத்தையும் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதற்குக் கொடுத்தார்.

நான் ஒட்டுக்கேட்ட முதல் உரையாடல் இன்னும் நினைவிருக்கிறது. ஒட்டுக்கேட்பது என் உத்தியோகம், தப்பாக நினைக்கவேண்டாம். கருத்தப்பாண்டி என்று ஒரு லாரிக்காரர், மகளுக்குக் காதுகுத்து நாளில் பங்கு வாங்க உட்கார்ந்திருந்தார்.

"கொழுந்தனாரே, லாரியை வித்த பணத்தை அப்பிடியே ராக்கெட்டுல ஏத்தப் போறீரோ?"

அவர் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார். "ஆமா மதினி."

"கடல்ல விழுந்துதுன்னா?"

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு மதினி இது?"

"நான் பேசாம வேற எவ பேசுவா? விழுந்தா ஒத்தப் பைசா திரும்பாது. கம்பெனிக்காரன் வாசல்ல போய் நின்னாலும் பிரயோசனம் இல்ல. விழலாம்னு சொல்லித்தான் அவன் விக்கான், அதைத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கேன். நடுவுல அவசரம்னாலும் எடுக்க முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல்னு அழுதாலும் ராக்கெட்டு கிளம்புற வரைக்கும் தொட முடியாது. தெரியுமா உமக்கு?"



"இதை ஒருத்தரும் சொல்லலையே மதினி."

"அதான் நான் சொல்லுதேன்லா."

"அப்ப வேண்டாங்கீயளா?"

"நான் ஏன் வேண்டாங்கேன்? விழாமலும் போவும், லாபமும் வரும். போனா போவுதுன்னு சிரிக்க முடியுற அளவுக்குப் போடும். மிச்சத்தை வீட்டுல வையும்."

கால்வாசிதான் போட்டார். மாவட்டம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. ஜனங்கள் அதோடு சண்டை போட்டார்கள், கேள்வி கேட்டார்கள், மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் இன்னொரு ராக்கெட் விழுந்தபோது கிழக்கலை நொடித்துப் போனது. எங்கள் ஜனம் கொஞ்சம் முகம் வாடியது, அவ்வளவுதான். ஒரு வீடுகூட விலைக்குப் போகவில்லை. மற்ற மாநிலக் கிளைகளிலிருந்து ஆட்கள் வந்து செலஸ்டினிடம் பாடம் கேட்டார்கள். அவரவர் ஊரில் அந்த உரிமை யாருக்கு உண்டு என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்பினார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது இன்னொன்றும் நடந்தது.

மீன் வாங்கப் போனால், செலஸ்டின் வாயைத் திறந்ததும் பக்கத்தில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பில் "வீடு நல்லாருக்கு" என்றார், வீட்டுக்காரியின் முகம் மாறிவிட்டது. யாருக்கும் அவர் மேல் கோபமில்லை. நன்றியும் இருந்தது. ஆனால் அந்தக் குரல் காதில் விழுந்தாலே நஷ்டத்தின் நினைப்பு வந்தது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? இயந்திரத்துக்குள் இருக்கும் மதினியோடு சிரித்துப் பேசியவர்கள், நிஜத்தில் அவரை விசேஷத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். அழைப்பிதழ்கள் வருவது நின்றுபோனது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் தொம்மை அலுவலகத்துக்கு வந்தார். படகு இஞ்சின் மெக்கானிக், கூச்ச சுபாவம். அவர் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. செலஸ்டின் மடியில் வளர்ந்த பெண். கல்யாணப் புடவையை அத்தைதான் எடுத்திருந்தார், ஒரு மாதமாக எங்களுக்கு வேறு பேச்சே இல்லை.

தொம்மை உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாதிரியாப் பேசுதாவ, தாயி. கோயில்ல பூசை முடியட்டும். தாலி கட்டி, எல்லாம் முடிஞ்சு, சாப்பாட்டுக்கு வந்துரு."

"சரிண்ணே" என்றார் செலஸ்டின்.

"தப்பா நினைக்காத."

"இல்லண்ணே. டீ குடிக்கியளா?"

அவர் குடிக்காமலே போனார். செலஸ்டின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சார், என் குரலைத் திரும்ப எடுத்துக்கிடலாம்லா? ஒப்பந்தத்துல இருக்கே" என்றார்.

இருந்தது. குரல் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், வாரியம் மறுக்க முடியாது. "எடுத்துடுங்க. நீங்க செஞ்சது போதும். அவங்க செய்யறதுக்கு நீங்க ஏன் இன்னும்..." என்று ஆரம்பித்தேன், முடிக்கத் தெரியவில்லை. அவர் என்ன முடிவெடுத்தாலும் நியாயம்தான் என்று மனதாரத் தோன்றியது. பத்திரத்தைத் திரையில் திறந்து, திரும்பப் பெறும் காரணத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஆனால் சட்டம் சட்டம்தானே. எந்த ஒப்பந்தமானாலும், கையெழுத்துக்கு முன்னால் இடர்சொல்லி பேசியாகவேண்டும். இது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை. பதிவுக்காக ஒலிபெருக்கி தானாகத் திறந்துகொண்டது.

"ஏளா செலஸ்டின், கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அவர் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார். தன் குரல், தன்னுடைய கிண்டல், தன்னை நோக்கி.

"கையெழுத்துப் போட முந்திக் கேளு. என்னைய எடுத்துட்டா உனக்கு என்ன கிடைக்கும்? கோயில்ல முன் வரிசையில நிக்கலாம்னு பாக்க. கிடைக்கும்னு நிச்சயம் இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரவ இந்தக் குரலை மறக்க எத்தனை காலம் ஆவும்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஊருக்கு என்ன போவும்? மறுபடி செய்தி வாசிக்கிற மிஷினு வரும். காதுலேருந்து கழத்தித் தட்டுல வைப்பாவ. அது நிச்சயம்."

செலஸ்டின் திரையிலிருந்து கையை எடுத்தார்.

"இன்னொண்ணையும் கேட்டுக்க. எடுக்காம வச்சாலும் நஷ்டம் உண்டு. ஜெசிந்தா கல்யாணத்துக்கு நீ வெளியேதான் நிக்கணும். அவளுக்குப் பிள்ளை பிறந்தா பேரு வைக்கவும் உன்னைக் கூப்பிட மாட்டாவ. வயசாக ஆக இது கூடும், குறையாது. இதை ஒருத்தரும் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாவ. நான்தான் சொல்லணும். ரெண்டையும் சொல்லிட்டேன், இனி உன் இஷ்டம்."

அதுவரை அழாதவர் அப்போது அழுதார். இதுவரைக்கும் எல்லோரும், நான் உட்பட, அவரிடம் நல்லதை மட்டுமே பேசியிருந்தோம். நீங்கள் பெரிய காரியம் செய்தீர்கள் மேடம், எல்லாம் சரியாகிவிடும் மேடம். அவருக்கு என்ன போயிற்று என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அந்தப் புளியங்கொட்டைதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்திரத்தை மூடினார். "நல்லாத்தான் சொல்லுதா" என்றார். "நான் இவ்வளவு நல்லா சொல்லுவேன்னு எனக்கே தெரியாது சார்."

கல்யாணம் ஒரு சனிக்கிழமை. அலுவலகம் கிடையாது, ஆனாலும் அவர் வந்திருந்தார். அவர் வருவார் என்று தெரிந்ததால் நானும் வந்திருந்தேன். முகூர்த்த நாள், மாவட்டம் முழுக்கக் கையெழுத்துகள் நடந்துகொண்டிருந்தன. வேலை பார்க்கிற பாவனையில் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றில் பின்னால் ஒரே இரைச்சல், பெண்கள் சிரிப்பு, பாத்திரச் சத்தம். பெயரைப் பார்த்தேன். தொம்மை கொறேரா.

மூடிவிடப் போனேன். செலஸ்டின் என் கையைத் தடுத்தார்.

"கொழுந்தனாரே, வீட்டுல இவ்வளவு கூட்டம், காதுல வைக்காம எதுக்குச் சத்தமாப் போட்டிருக்கீரு?" என்று இடர்சொல்லி கேட்டது.

"என்னைய அண்ணேன்னு சொல்லு" என்றார் தொம்மை.

"சரிண்ணே. என்ன பங்கு வாங்கப் போறீய?"

"ஒண்ணும் வாங்கல தாயி, சும்மா பத்திரத்தைத் திறந்தேன். கோயிலுக்குப் புறப்படப் போறோம். பிள்ளையை வாசல் இறக்கணும். வீட்டுல உன் சத்தம் இல்லாம இறக்க மனசு வரல."

"எனக்கு நஷ்டத்தைத் தவிர ஒண்ணும் பேசத் தெரியாதேண்ணே."

"அதைத்தான் பேசேன். இங்க காலையிலேருந்து எல்லாரும் நல்லதாத்தான் பேசுதாவ. கெட்டது பேச ஒரு சொந்தம் வேண்டாமா?" அவர் குரல் உடைந்தது. பின்னால் இரைச்சல் அடங்கியிருந்தது. அந்த அமைதிக்குள், ஒலிபெருக்கிக்கு மிக அருகில், ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "அப்பா, இது மிஷினுப்பா. எனக்கு அத்தை வேணும்."

செலஸ்டின் எழுந்தார். கைப்பையை எடுத்தார், அதைத் திரும்ப வைத்தார், கலைந்திருந்த முடியைக் கையாலேயே ஒதுக்கிக்கொண்டார். புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது. என் வண்டிச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.